ஒரு காசினோடிஸ்கஸ், 684 படங்கள்

கோவளத்துக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுத்த ஒரே ஒரு டயாட்டத்தின் ஓட்டினை, அதன் ஒவ்வொரு அறையும் தெளிவாகத் தெரியும்படி முழுமையாகப் படமெடுப்பதற்கு எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. ஓட்டின் விட்டம் 210 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நுண்ணோக்கியின் மேடையில் வைத்து வெறுங்கண்ணால் சாய்வாகப் பார்த்தால் ஒரு தூசுப் புள்ளி மின்னுவது போல் தெரியும். அந்தப் புள்ளிக்காக எடுத்த படங்கள் 684. செய்த வேலையையும், வழியில் நேர்ந்த பிழைகளையும், அவற்றைத் தீர்த்த விதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே முயற்சியில் இறங்குகிற ஒருவருக்கு ஓரிரு வாரங்களாவது மிச்சமாகும் என்று நம்புகிறேன்.

டயாட்டம் என்பது ஒற்றைச் செல் பாசி. அது தன்னைச் சுற்றிச் சிலிக்காவால் ஓர் ஓடு கட்டிக்கொள்கிறது. அந்த ஓடு குங்குமச் சிமிழும் அதன் மூடியும் போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு பாதிகளால் ஆனது. காசினோடிஸ்கஸ் பேரினத்தில் இந்த உவமை அப்படியே பொருந்தும், ஏனெனில் அதன் வடிவமே வட்டச் சிமிழ்தான். மூடியின் மேற்பரப்பு முழுவதும் தேன்கூடு போன்ற அறுகோண அறைகள், மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஆரை வரிசைகளாக ஓடும். என் ஓட்டில் ஓர் அறையின் அகலம் ஏறத்தாழ 2.4 மைக்ரோமீட்டர். ஒவ்வொரு அறைக்கும் நுண்துளைகள் கொண்ட சல்லடை போன்ற ஒரு மூடி உண்டு. அந்தத் துளைகள் ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய எல்லைக்கு மிக அருகில் இருப்பவை. அறைகளை மட்டுமல்லாமல் அவற்றின் துளைகளையும் ஒரே படத்தில் முழு வட்டத்துக்கும் காட்ட வேண்டும் என்பதே என் விருப்பம்.

இந்த விருப்பத்துக்கு ஒளியியல் இரண்டு தடைகளை வைக்கிறது. எர்ன்ஸ்ட் அபே 1873-ல் எழுதிய தொடர்பின்படி, ஒரு லென்சு பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி என்பது ஒளியின் அலைநீளத்தை லென்சின் எண்துளை மதிப்பின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது. எண்துளை என்பது லென்சு எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு. பச்சை ஒளியில் 40 மடங்கு, 0.65 எண்துளை கொண்ட லென்சுக்கு அது 0.42 மைக்ரோமீட்டர், 100 மடங்கு, 1.25 எண்துளை கொண்ட எண்ணெய் லென்சுக்கு (கண்ணாடிக்கும் லென்சுக்கும் இடையே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்ப்பது) 0.22 மைக்ரோமீட்டர். துளைகளைப் பார்க்க இரண்டாவது லென்சுதான் வேண்டும். ஆனால் எண்துளை கூடும்போது குவிய ஆழம் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது: 40 மடங்கு லென்சில் ஏறத்தாழ 1.3 மைக்ரோமீட்டர் தடிமன் ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரியும், 100 மடங்கு லென்சில் அரை மைக்ரோமீட்டர்தான். என் ஓடோ தட்டையானதன்று. கவிழ்த்த தட்டுப் போல் 19 மைக்ரோமீட்டர் உயரத்துக்கு வளைந்திருக்கிறது. அது மட்டுமன்றி, 100 மடங்கில் லென்சின் பார்வைப் பரப்பில் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாக இருக்கும். ஆகவே ஆழத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக்க வேண்டும், அகலத்தில் பல துண்டுகளை எடுத்து ஒட்ட வேண்டும். முதலாவதை அடுக்குதல் என்றும் இரண்டாவதைத் தைத்தல் என்றும் குறிப்பிடுகிறேன்.

நீர் எடுத்தது ஜனவரி மாதக் கடைசியில். 20 மைக்ரோமீட்டர் கண் கொண்ட நைலான் துணியைக் கூம்பாகத் தைத்து, அடியில் ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பியைக் கட்டி, காலையில் கடலுக்குப் போகும் ஒரு ஃபைபர் படகின் பின்னால் மெதுவாக இழுத்தேன். “இந்த வலையில மீன் கண்ணுகூட நுழையாதே தம்பி, என்னத்தப் பிடிக்கப் போறீங்க?” என்று படகை ஓட்டிய அண்ணன் கேட்டார். கரைக்கு வந்த பிறகு குப்பியின் பழுப்பு நிற நீரில் ஒரு சொட்டை, கையோடு கொண்டுபோயிருந்த பத்து மடங்கு லென்சில் காட்டினேன். அதன் பிறகு வந்த இரண்டு வாரமும் அவரே எனக்காக வலையை இழுத்துக் கொடுத்தார். இந்தக் கடற்கரையின் மிதவை டயாட்டம்களைப் பற்றி ஆர். சுப்பிரமணியன் 1946-ல் இந்திய அறிவியல் அகாதெமியின் நடவடிக்கை இதழில் ஒரு நீண்ட வகைப்பாட்டுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். அதிலுள்ள கோட்டோவியங்களை வைத்துக்கொண்டுதான் என் குப்பியில் இருந்தவற்றைப் பேரின அளவில் அடையாளம் கண்டேன். அந்த ஓவியங்களைப் பற்றிப் பின்னால் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

உயிருள்ள டயாட்டத்தின் உள்ளே நிறமிகளும் எண்ணெய்த் துளிகளும் இருப்பதால் ஓட்டின் வேலைப்பாடு தெரியாது. உயிர்ப்பொருளை எரித்து நீக்கிச் சிலிக்காவை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். முதலில் காய்ச்சி வடித்த நீரில் நான்கு முறை கழுவி உப்பைப் போக்கினேன். பின்னர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள். சுண்ணாம்பு ஓடுகள் நுரைத்துக் கரைந்துவிடும். அமிலத்தை முற்றிலும் கழுவிய பிறகுதான் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்து, காற்றோட்டமான மாடியில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, சூடேற்றும் தட்டில் இரண்டு மணி நேரம் வைத்தேன். மருந்துக் கடையில் புண் கழுவக் கிடைப்பது இதனினும் பல மடங்கு நீர்த்தது. இந்தச் செறிவில் பெராக்சைடு தோலை வெளுத்து எரிக்கும், மூடிய பாத்திரத்தில் வைத்தால் அழுத்தம் ஏறி வெடிக்கவும் செய்யும். வீட்டில் சிறுவர்கள் இருக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். பிறகு ஆறு முறை கழுவல். ஒவ்வொரு முறையும் ஓரிரவு தானாகப் படிய விட வேண்டும். மையவிலக்கியில் போட்டால் வேலை அரை மணியில் முடியும், ஆனால் 200 மைக்ரோமீட்டர் அகலமுள்ள மெல்லிய வட்டுகள் பெரும்பாலும் உடைந்துவிடுகின்றன. என் முதல் குப்பியை அப்படித்தான் இழந்தேன்.

சுத்தமான ஓடுகளில் முழுமையான ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தனியாக வைப்பதற்கு மூன்று மாலைகள் ஆயின. பல்குத்தும் குச்சியின் நுனியில் கண்ணிமை மயிர் ஒன்றை ஒட்டி, குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்துக்கொண்டே வட்டை அதன் நுனியால் தொட்டு எடுக்க வேண்டும். எடுத்ததை வைப்பது ஸ்லைடில் அன்று, அதை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் அடிப்பக்கத்தில். எண்ணெய் லென்சுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறியது என்பதால், ஓடு ஸ்லைடின் மேல் கிடந்து நடுவில் பசைப் படலம் தடித்துவிட்டால் லென்சு அதை எட்டவே முடியாது. கவர் ஸ்லிப்பில் மிகவும் நீர்த்த ஜெலட்டினை முன்னதாகப் பூசிக் காயவைத்திருந்தேன். வட்டின் குவிந்த பக்கம் கண்ணாடியைத் தொடும்படி வைத்து, மேலே மெல்ல ஒரு மூச்சு விட்டால், அந்த ஈரத்தில் ஜெலட்டின் இளகி ஓட்டைப் பிடித்துக்கொள்ளும்.

எந்தப் பசையில் பதிப்பது என்பதில் நான் முதலில் தவறு செய்தேன். டயாட்டச் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.43. நம் ஆய்வகங்களில் எளிதாகக் கிடைக்கும் டி.பி.எக்ஸ். பசையின் எண் 1.52 அளவில். இரண்டுக்கும் வேறுபாடு சொற்பம் என்பதால் ஓடு கண்ணாடிக்குள் கண்ணாடி போல் மறைந்துபோனது. அறைகள் வெளிறிய நிழல்களாகத் தெரிந்தனவே தவிர, துளைகள் தெரியவில்லை. டயாட்டம் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நாஃப்ராக்ஸ் என்ற பிசினின் எண் 1.7 அளவில் இருக்கும். கல்லூரியொன்றில் பணிபுரியும் நண்பர் வழியாக ஒரு சிறு குப்பி கிடைத்தது. அதிலுள்ள டொலுவீன் ஆவியாகும் வரை மிதமாகச் சூடாக்க வேண்டும். அருகில் தீ இருக்கக் கூடாது, சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். பிசினை இடுவதற்கு முன் ஒரு சொட்டு டொலுவீனை ஓட்டின் மேல் விட்டு அறைகளுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றாவிட்டால், ஒவ்வொரு அறையிலும் ஒரு கறுப்புக் குமிழி உட்கார்ந்துகொள்ளும். இந்த ஒரு சொட்டைப் பற்றி யாராவது முன்னரே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு நல்ல வட்டுகள் மிச்சமாகியிருக்கும்.

என்னிடம் இருப்பது அம்பாலாவில் தயாரான, கல்லூரி ஆய்வகங்களில் காணும் வகைச் சாதாரண நுண்ணோக்கி. மூன்றாவது குழாய் ஒன்று மேலே உண்டு. அந்தக் குழாயில் கண்ணருகு லென்சு எதுவும் இல்லாமல், 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி கேமராவின் உடலை நேராகப் பொருத்தினேன். கேமராவின் ஒரு பிக்சல் 3.9 மைக்ரோமீட்டர், 100 மடங்கில் அது ஓட்டின் மேல் 0.039 மைக்ரோமீட்டருக்குச் சமம். லென்சு பிரித்துக் காட்டுவது 0.22 மைக்ரோமீட்டர் வரைதான் என்பதால், பிக்சல்களைப் பாதியாகக் குறைத்தாலும் எந்த விவரமும் இழப்பாகாது. இதை உணர்ந்த பிறகு, கேமரா மாற்றமின்றிச் சேமிக்கும் ஒவ்வொரு ரா கோப்பிலிருந்தும் பச்சைப் பிக்சல்களை மட்டும் எடுத்துப் பாதி அளவுச் சாம்பல் நிறப் படமாக மாற்றிக்கொண்டேன். சாதாரண அக்ரோமாட் லென்சுகள் பச்சை ஒளிக்கே நன்றாகத் திருத்தப்பட்டிருப்பவை. சிவப்பையும் நீலத்தையும் விட்டுவிட்டதால் ஓரங்களில் இருந்த நிறக்கசிவு ஒரேயடியாக நீங்கியது. டயாட்டத்தின் சிலிக்காவுக்குத் தனி நிறம் கிடையாது, ஆகையால் சாம்பல் படத்தில் இழந்ததாக எதையும் நான் கருதவில்லை.

குவியத்தைக் கையால் நகர்த்துவது பயனற்றது. நுண்குவியத் திருகின் ஒரு சுற்று மேடையை 0.2 மில்லிமீட்டர் நகர்த்துகிறது. அந்தத் திருகில் ரப்பர் உறை ஒன்றை மாட்டி, அதனுடன் 28பிஒய்ஜே-48 என்ற சிறிய ஸ்டெப்பர் மோட்டாரை இணைத்தேன். ஒரு சுற்றுக்கு 2,048 படிகள் என்ற கணக்கில் ஒரு படி 0.098 மைக்ரோமீட்டர். ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை மோட்டாரை நகர்த்தி, மூன்று நொடி அதிர்வு அடங்கக் காத்திருந்து, ஆப்டோகப்ளர் என்ற ஒளிவழி இணைப்பான் மூலம் கேமராவை இயக்கும். முதலில் மேடையைக் கீழ்நோக்கி இறக்கிக்கொண்டே எடுத்தேன், லென்சு ஸ்லைடில் மோதாது என்ற பாதுகாப்புக்காக. ஆனால் பழைய கிரீஸ் இறுகிப் போயிருந்ததால் மேடை நான்கைந்து படிகள் அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாகச் சரிந்தது. படங்களின் ஆழ இடைவெளி சீராக இல்லை. கிரீஸை மாற்றிய பிறகும், கீழிருந்து மேல்நோக்கி எடுப்பதே சீராக இருந்தது. தொடக்கப் புள்ளிக்கு 30 மைக்ரோமீட்டர் கீழே போய், அங்கிருந்து மேலே வந்து தொடங்கினால் பற்சக்கரங்களின் தளர்வு ஒரு பக்கமாக எடுபட்டுவிடுகிறது. என் 100 மடங்கு லென்சின் முனை சுருள்வில் பொருத்தியது, தொட்டால் உள்ளே அமுங்கும். அப்படி இல்லாத லென்சை வைத்திருப்பவர்கள் மேல்நோக்கி எடுப்பதற்கு முன் ஆர்டுயினோ நிரலில் ஓர் எல்லை வைத்துக்கொள்வது நல்லது.

முதல் முழு முயற்சியில் படங்கள் எல்லாவற்றிலும் கிடைக்கோட்டுப் பட்டைகள் விழுந்திருந்தன. அதிர்வைத் தவிர்ப்பதற்காகக் கேமராவின் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினேன், நுண்ணோக்கியின் எல்.இ.டி. விளக்கோ, வெளிச்சத்தைக் குறைக்க வேகமாக அணைந்து அணைந்து எரியும் வகை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பை, வரிவரியாகப் படிக்கும் ஷட்டர் பட்டைகளாகப் பதிந்துவிட்டது. விளக்குக்கு நிலையான நேர்மின்னோட்டம் தரும் சிறு சுற்று ஒன்றை அமைத்து, வெளிச்சத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்து, படமெடுக்கும் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன், பட்டைகள் போயின.

இரண்டாவது முயற்சியில் ஓட்டின் மேல் நீரில் கல் விழுந்தது போல வளையங்கள் தோன்றின. பத்துப் படிக்கு ஒரு படம், அதாவது 0.98 மைக்ரோமீட்டர் இடைவெளியில் எடுத்ததே அதற்குக் காரணம். குவிய ஆழமே அரை மைக்ரோமீட்டர் என்னும்போது, இரண்டு படங்களுக்கு நடுவே எந்தப் படத்திலும் கூர்மையாகப் பதியாத ஒரு பகுதி மிஞ்சுகிறது. வளைந்த ஓட்டில் அந்தப் பகுதி வளையமாகத் தெரிகிறது. மூன்று படிகளுக்கு ஒரு படம், அதாவது 0.29 மைக்ரோமீட்டர் இடைவெளி என்று மாற்றினேன். 22 மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு ஒரு துண்டுக்கு 76 படங்கள். மூன்றுக்கு மூன்று என ஒன்பது துண்டுகள். 684 என்ற எண் வந்தது இப்படித்தான். ஒரு படத்துக்கு நான்கு நொடி என்றால் படமெடுக்கும் நேரம் மட்டும் முக்கால் மணி.

வெளிச்சத்தை மையப்படுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் சற்றே ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும், குவியம் மாற மாறப் படம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகும். அடுக்கும் மென்பொருள் அதை இழுத்து நேராக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அப்படி இழுக்கும்போது கேமராவின் உணரியில் உள்ள தூசுப் புள்ளிகள் கோடுகளாக நீண்டு படத்தின் குறுக்கே பதிந்துவிடும். ஆகையால் கண்டென்சரை மையப்படுத்தி, அதன் துளையை முக்கால் பங்குக்கு மேல் திறந்து வைத்து, கண்டென்சருக்கும் ஸ்லைடுக்கும் இடையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். அந்த எண்ணெய் இல்லாவிட்டால் 1.25 எண்துளை லென்சு தன் முழுத் திறனைத் தராது. துளையை மூடினால் கண்ணுக்குப் படம் அழுத்தமாகத் தெரிகிறது, அதனால் மூடத் தோன்றும். அந்த அழுத்தத்துக்கு விலையாகப் போவது நுண்துளைகள்தான். அடுக்கப்போகும் படத்துக்குக் குறைந்த ஆழம் தீங்கன்று. அதே ஸ்லைடில் வெற்றிடமான ஓரிடத்தில் 16 படங்கள் எடுத்துச் சராசரி கண்டு, ஒவ்வொரு படத்தையும் இமேஜ்ஜே மென்பொருளில் அதனால் வகுத்தேன். வெளிச்சம் சீரானதோடு தூசுப் புள்ளிகளும் மறைந்தன.

இரவு பதினொரு மணிக்கு மேல்தான் எடுத்தேன். தெருவில் பேருந்து போனால் 100 மடங்கில் ஓடு துள்ளும். மின்விசிறியை அணைக்க வேண்டும். விளக்கும் மோட்டாரும் சூடேறி நிலைபெற அரை மணி நேரம் விட வேண்டும். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மேடையை நகர்த்திய பின் எண்ணெய் கவர் ஸ்லிப்பை மெதுவாக இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால் ஒரு நிமிடம் காத்திருந்தேன். மேடையின் வெர்னியர் 0.1 மில்லிமீட்டர் அளவு காட்டும். நான் நகர்த்த வேண்டியதோ 75 மைக்ரோமீட்டர். ஆகவே அளவுகோலை விட்டுவிட்டு, கேமராத் திரையில் ஓர் அடையாளத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கொண்டுவந்து மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்தல் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். ஒன்பது துண்டுகளையும் ஒரே ஆழத்தில் தொடங்கி ஒரே ஆழத்தில் முடித்தது பின்னர் மிகவும் உதவியது.

இனி அடுக்குதல். இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

ஜீரீன் ஸ்டேக்கர் மென்பொருளில் பிரமிடு முறை ஒன்றும் ஆழ வரைபட முறை ஒன்றும் உண்டு. பிரமிடு முறையில் அடுக்கிய முதல் படம் மிக அழகாக இருந்தது. அறைகளின் சுவர்கள் கூர்மையாக, ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு வெள்ளைப் புள்ளியும் அதைச் சுற்றி ஒரு கறுப்பு வளையமும் இருந்தன. இரண்டு நாள் அந்தப் படத்தைப் பார்த்து மகிழ்ந்தேன். மூன்றாம் நாள், அதே ஓட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே குவியத்தை மேலும் கீழும் நகர்த்தியபோது, அப்படியொரு வளையம் எந்த ஆழத்திலும் இல்லை என்று கண்டேன். குவியம் சற்று மேலே இருக்கும்போது அறைகள் வெண்மையாகத் தெரிகின்றன; ஏறத்தாழ இரண்டு மைக்ரோமீட்டர் கீழே வந்தால் அதே அறைகள் கறுப்பாக மாறுகின்றன. ஒளிவிலகல் எண் வேறுபடும் இரு பொருள்களின் எல்லையில், குவியத்தை உயர்த்தினால் ஒளி அதிக எண் கொண்ட பொருளுக்குள் நகரும் என்பது பெக்கே கோட்டின் விதி. அறைகளுக்குள் நிறைந்திருப்பது 1.7 எண் கொண்ட பிசின், சுவர்கள் 1.43 எண் கொண்ட சிலிக்கா; ஆகவே மேல் குவியத்தில் அறை ஒளிர்கிறது. பிரமிடு முறை ‘எங்கே மாறுபாடு அதிகமோ அது கூர்மை’ என்று எண்ணி, வெள்ளை அறையையும் கறுப்பு அறையையும் ஒன்றாகக் கலந்து, இல்லாத ஓர் அமைப்பை உருவாக்கியிருந்தது.

இங்கேதான் சுப்பிரமணியனின் கோட்டோவியங்கள் நினைவுக்கு வந்தன. பேனாவால் வரைபவர் குவியத்தை ஏற்றி இறக்கிப் பார்த்து, எது சுவர், எது ஒளியின் மாயம் என்று முடிவு செய்து ஒரு கோடு இழுக்கிறார். அந்த முடிவை நான் மென்பொருளிடம் விட்டுவிட்டேன். மென்பொருளுக்கு டயாட்டம் என்றால் என்னவென்று தெரியாது. எந்த ஆழத்தைப் படமாக்க வேண்டும் என்பதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

ஆழ வரைபட முறையில் மென்மையாக்கும் அளவைக் கூட்டிப் பார்த்தேன். ஓரளவு சரியானது, ஆனால் திட்டுத்திட்டாக வெள்ளை அறைகளிலிருந்து கறுப்பு அறைகளுக்குத் தாவியது. இறுதியில் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினேன். ஒரு துண்டில் பரவலாக 30 இடங்களைத் தேர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் அறைகள் மிகத் தெளிவான வெள்ளையாகத் தெரியும் படத்தின் எண்ணைக் கண்ணால் பார்த்துக் குறித்தேன். அந்த 30 புள்ளிகளின் வழியே ஆறு கெழுக்கள் கொண்ட இருபடிப் பரப்பு ஒன்றைப் பொருத்தினால், ஓட்டின் வளைவு கணித வடிவில் கிடைத்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்தப் பரப்பு எந்த ஆழத்தைச் சொல்கிறதோ, அதற்கு மேலும் கீழும் உள்ள இரண்டு படங்களிலிருந்து இடைமதிப்பை எடுத்துக்கொண்டேன். வேறெந்த ஆழமும் படத்துக்குள் வரவில்லை. நடுத்துண்டில் என் குறிப்புகளுக்கும் பரப்புக்கும் சராசரி வேறுபாடு 0.3 மைக்ரோமீட்டர்தான். விளிம்புத் துண்டுகளில் ஓடு செங்குத்தாக இறங்குவதால் 1.1 மைக்ரோமீட்டர் வரை விலகியது. அங்கு பத்துக் கெழுக்கள் கொண்ட முப்படிப் பரப்புக்கு மாறினேன். படங்களை ஒன்றோடொன்று பொருத்தும்போது பக்கவாட்டு நகர்வை மட்டும் அனுமதித்து, அளவு மாற்றத்தையும் சுழற்சியையும் நிறுத்தி வைத்தேன்; அவற்றை அனுமதித்தால் தேன்கூட்டு ஒழுங்கு மென்பொருளைக் குழப்பிவிடுகிறது.

அதே 684 படங்களிலிருந்து பரப்பை இரண்டு மைக்ரோமீட்டர் தாழ்த்திக் கறுப்பு அறைகளின் படத்தையும் தனியாகச் செய்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் ஓட்டின் அமைப்பு எனக்குப் புரிந்தது. ஆழ அளவுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை: மேடை நகர்ந்த தூரமும் பிசினுக்குள் குவியம் நகர்ந்த தூரமும் ஒன்றல்ல, எண்ணெயின் 1.515-க்கும் பிசினின் 1.7-க்கும் உள்ள விகிதத்தில், உண்மையான உயரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். மேலே சொன்ன 19 மைக்ரோமீட்டர் மேடை நகர்ந்த அளவே.

அடுக்கி முடித்த ஒன்பது துண்டுகளைத் தைப்பது எளிது என்று எண்ணியிருந்தேன். ஃபிஜி என்ற மென்பொருளில் உள்ள கட்ட ஒட்டுக் கருவி ஒரே நிமிடத்தில் வேலையை முடித்து, முதல் பார்வைக்குக் குற்றமற்ற படத்தைக் கொடுத்தது. ஆனால் வட்டத்தின் விளிம்பில் ஒரு சிறு படி தெரிந்தது. அளந்து பார்த்தால் 31 பிக்சல். பாதியாகக் குறைத்த படத்தில் ஒரு பிக்சல் 0.078 மைக்ரோமீட்டர் என்பதால் அது சரியாக 2.4 மைக்ரோமீட்டர், அதாவது ஓர் அறை. எல்லா அறைகளும் ஒன்றுபோலவே இருப்பதால், கருவி ஒரு துண்டை ஓர் அறை தள்ளிப் பொருத்திவிட்டுச் சரியாகப் பொருந்தியதாகவே கொண்டிருக்கிறது. விளிம்பு மட்டும் இல்லாதிருந்தால் நான் இதைக் கண்டிருக்கவே மாட்டேன்.

ஆகவே ஹியூகின் என்ற படம் தைக்கும் மென்பொருளுக்குப் போய், இரண்டு துண்டுகளிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கையால் வைத்தேன். லென்சின் பார்வைக் கோணத்தை மிகச் சிறியதாகக் கொடுத்து, கிடை, செங்குத்து நகர்வுகளையும் சுழற்சியையும் மட்டுமே கணக்கிட விட்டேன். எந்த இடத்தில் புள்ளி வைப்பது? காசினோடிஸ்கஸின் ஆரை வரிசைகள் விளிம்பை நோக்கி விரியும்போது, இடைவெளியை நிரப்ப நடுவில் புதிய வரிசைகள் தொடங்குகின்றன. ஒரு புதிய வரிசையின் முதல் அறை, ஆறுக்குப் பதிலாக ஐந்து அல்லது ஏழு பக்கங்களோடு, சுற்றியுள்ளவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. அத்தகைய அறைகளும், ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு மூன்று துகள்களும் எனக்கு மைல்கற்கள் ஆயின. அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே 12 மேற்பொருந்தல்கள், ஒவ்வொன்றிலும் எட்டு, ஆக 96 புள்ளிகள். சரிபார்ப்பதற்கு, 40 மடங்கில் முழு வட்டத்தையும் ஒரே சட்டத்தில் எடுத்த படத்தை அடியில் விரித்து, மேலே தைத்த படத்தைப் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பார்த்தேன். சராசரிப் பிழை 1.4 பிக்சல். முதலில் அடுக்கி, பிறகு தைப்பது என்ற வரிசையை மாற்ற வேண்டாம். அடுக்காத துண்டில் கூர்மையாக இருப்பது ஒரு மெல்லிய வளையம் மட்டுமே, அதில் புள்ளி வைக்க இடமிருக்காது.

முடிந்த படம் பக்கத்துக்கு 2,800 பிக்சல் கொண்டது. மையத்தில் மற்றவற்றைவிடப் பெரிய அறைகள் ரோஜா இதழ்கள் போல் சூழ்ந்திருக்கின்றன. அவற்றின் சல்லடை மூடிகளில் துளைகள் தனித்தனியே தெரிகின்றன, விளிம்பை நோக்கிப் போகப் போக அவை மங்கி ஒன்றாகின்றன. மைய ரோஜாவை வைத்து இனத்தை முடிவு செய்ய நான் துணியவில்லை. பேரினப் பெயரோடும் நீர் எடுத்த இடத்தோடும் நிறுத்தி ஸ்லைடில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். மேல் வலது மூலைத் துண்டில் விளிம்பின் கடைசி நான்கைந்து வரிசைகள் இன்னும் மென்மையாகவே இருக்கின்றன, முப்படிப் பரப்பும் அங்கே போதவில்லை. அந்தத் துண்டை மட்டும் இரண்டு படிக்கு ஒரு படமாக மீண்டும் எடுத்து, விளிம்புக்கென்று தனிப் பரப்பு பொருத்திப் பார்க்க வேண்டும். ஆர்டுயினோ நிரலில் படி எண்ணை மாற்றி வைத்துவிட்டேன், தெரு அடங்கும் நேரத்துக்காகக் காத்திருக்கிறேன்.